ஜப்பானில் கடல்தரை இறங்குகிறதாம்

நமக்கே தெரியாத ஒன்றைப் பற்றிப் பிள்ளையிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லலாமா? ஒரு வாரமாக யோசிக்கிறேன்.

போன வாரம் ஒரகடம் போகும் பேருந்தில் என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவரும், பள்ளிச் சீருடையில் அவர் மகளும்.

"யப்பா, நீ ட்ரெய்னிங் போற ஜப்பான்ல கடல்தரை பூமிக்குள்ள இறங்கிக்கினே கீதாம்."

"இன்னாத்துக்காம்?"

"பழசாயி ஆறிப்போனா பாறை கனமாயிடும். அதான் பக்கத்துப் பூமித்தட்டுக்கு அடியில போவுது."

"வேகமாவா?"

"நகம் வளர்றத விட கொஞ்சம் வேகம்னு மிஸ் சொன்னாங்க."

அவர் சிரித்தார். "அவ்ளோதானா? ஆறு மாசத்துல நான் வந்துடுவேன்டி."

"சிரிக்காத. நடுவுல ரெண்டு தட்டும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். பல வருசம் கழிச்சி ஒரே அடியா நழுவும். அதான் பூகம்பம்."

"ஒண்ணும் ஆவாதும்மா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதும்மா. ஆடுனா மேசைக்கு அடியில பூந்துக்கணும்னு கம்பெனியில சொல்லிக் குடுத்தாங்க. ஆடுன ஒடனே ஒனக்கு போன் பண்றேன்."

"மொதல்ல மேசைக்கு அடியில போ. அப்பால போன் பண்ணு."

"சரிங்க சூப்பர்வைசர்."

சிறுமி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

என் மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. காய்ச்சல், ஊசி, இடி என்று எதற்கும் "ஒன்றும் ஆகாது" என்றே அவனிடம் சொல்லிப் பழகிவிட்டேன். உனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கும் நாளில் என்ன சொல்வது? பிள்ளை வளர்த்தவர்கள் எனக்கு எழுதுங்களேன்.