பனி மலிவான ஊர்

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். இளையவர் மடியில் பெரிய ரோஜா மாலை.

“பனியில சறுக்கி விளையாட சுவிட்சர்லாந்தவிட ஜப்பான்லதான் செலவு கம்மியாம் அண்ணாச்சி.”

“இப்ப எதுக்குடே அந்தக் கதை?” என்றார் பெரியவர்.

“அக்கா மகன் அங்கன ஓட்டல்லதான வேலை பாக்கான். மலிவுன்னு உலகமே அங்கன வந்து குமியுதாம். சீசன் முடியிற வரைக்கும் யாருக்கும் லீவு இல்லங்கான்.”

“அப்பன் செத்ததுக்குமா?”

“போனா திரும்ப வேலைக்கு வராதன்னுட்டானாம் ஓட்டல்காரன்.”

மாலையிலிருந்து உதிர்ந்த இதழ்களை இளையவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“அத்தானை ஐஸ் பெட்டியில வச்சு மூணு நாளாச்சு. மகன் வந்துதான் கொள்ளி வைக்கணும்னு அக்கா தூக்க விடமாட்டேங்கா.”

“அவன் வரலங்கிறத அவகிட்ட சொல்லலியா?”

“மொத நாள் பிளைட் ஏறிட்டான்னு சொன்னேன். நேத்து மெட்ராஸ்ல இறங்கிட்டான்னு சொன்னேன்.”

“இன்னைக்கு?”

“கோவில்பட்டி டேசன்ல நிக்கான், போய்க் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.”