ரேஸ் படத்தில் கோயில் இல்லை

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ். டிரைவருக்குப் பின்சீட்டில் இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் நான்.

"கார் ரேஸ் படம், கட்டாயம் பாருங்கக்கா. சண்டையெல்லாம் சும்மா அள்ளுது. ஹீரோவுக்குத்தான் மூளை இல்ல."

"ஏன் புள்ள?"

"எத்தன வளைவு! ஒரு எடத்துலயாவது நிப்பாட்டி சாமி கும்பிட்டானா? அதான் கார் கவுந்துருச்சு."

"பின்ன, கவுறாம என்ன செய்யும்?"

பின்னால் இன்னொரு பஸ் ஹாரன் அடித்தது. அதற்கு வழிவிடாமல் எங்கள் டிரைவர் மிதித்தார். தினமும் நிறுத்திக் கும்பிடும் முனியாண்டி கோயிலும் ஜன்னலில் ஓடி மறைந்தது.

இளையவள் எழுந்தாள். "டிரைவரண்ணே, அந்தப் படம் பாத்தீங்களா? முடிவச் சொல்லவா?"

பஸ் நின்றது. மற்ற பஸ் முந்திப் போனது. நாங்கள் கோயில்வரை ரிவர்ஸில் போனோம்.