வண்டுகளுக்கு விடுதலை

கொல்லிமலையிலிருந்து இறங்கும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் சமவெளியிலிருந்து மலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஒரு டீச்சரும், அவரைக்காய் மூட்டையோடு ஒரு விவசாயப் பெண்ணும்.

"உங்க வண்டையெல்லாம் இன்னிக்கு விடுதலை பண்ணிட்டேன்க்கா," என்றார் டீச்சர்.

"ஏனுங்க டீச்சர், செடிப்பேனெல்லாம் தின்னு முடிச்சிருச்சுங்களா?"

"ஒண்ணுகூட மிச்சமில்ல! குரங்குக்குப் பயந்து ரூமுக்குள்ள வச்ச மிளகாச் செடிக்கா. ரெண்டு தடவ, பூ விட்டதும் பேன் புடிச்சு எல்லாம் கொட்டிப்போச்சு. படுக்கிற ரூம்ல மருந்தா அடிக்க முடியும்?"

"அதுக்குத்தானுங்க எங்க அவரைக் காட்டுப் பொறிவண்டு. டிபன் டப்பாவுல போட்டுக் குடுத்தனே!"

"நடுவுல நான் பண்ணின கூத்து! கறுப்பா, முள்ளு முள்ளா புழு வந்துச்சா, உங்ககிட்ட சொல்லிக்கிட்டே நசுக்கப் போயிட்டேன். நீங்க போன்ல கத்தலேன்னா முடிஞ்சிருக்கும்."

"பின்ன? அது வண்டோட குஞ்சுங்க. பெருச விட அதுதான் நெறையத் திங்கும்."

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்து நீட்டினார். "முதல் காய். உங்களுக்குத்தான்."

அந்தப் பெண் பாதியைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது. மீதியைக் கடித்த டீச்சருக்கும் அதே கதி. அடுத்த கொண்டை ஊசி வளைவு வரைக்கும் இருவரும் 'உஸ் உஸ்' என்றே வந்தார்கள்.

மூச்சு திரும்பியதும் அந்தப் பெண் சொன்னார்: "இதுல ஒண்ண அந்தக் குரங்குக்குக் குடுங்க டீச்சர். அப்பறம் செடிய வெளியவே வச்சுக்கலாமுங்க!"