படகில் வரைந்த ஆந்தை

ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வேலை தேடிப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு படகுக்காரரும், அவர் படகிலேயே வேலை பார்க்கும் அவருடைய மச்சினனும் இருந்தார்கள்.

"ரகசியச் சங்கம்ங்கிற. அப்புறம் அதோட சின்னத்தை எதுக்குடா ஆள் ஒசரத்துக்கு என் படகுல வரைஞ்ச?"

"நீங்கதானே மச்சான் பெயிண்ட் அடிக்கச் சொன்னீங்க."

"பேரைத்தான்டா எழுதச் சொன்னேன். சாவியைக் கவ்விக்கிட்டு நிக்கிற ஆந்தையையா கேட்டேன்?"

"நான் வெளையாடுற கேம்ல அந்தச் சங்கத்துக்காரங்கதான் மச்சான் ஒலகத்தையே ஆளுறாங்க."

"ஆளட்டும். நாளைக்குக் கடலுக்குப் போறோம். இலங்கை நேவிக்காரன் மறிச்சு, இது எந்த இயக்கத்துச் சின்னம்னு கேட்டா என்ன சொல்லுவ? படகும் போயிரும், நாமளும் உள்ள போயிருவோம்."

"வெறும் வீடியோ கேம்னு சொல்லுவேன்."

"நம்புவானா?"

"அந்த நேவிக்காரங்கள்லயே ஒருத்தன் அதை வெளையாடுறான் மச்சான். ஆன்லைன்ல தெனமும் எங்கூடத்தான். யூனிபார்மோட போட்டோ வச்சிருக்கான்."

படகுக்காரரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்படியா? அவனும் ஒங்க ஆந்தைச் சங்கம்தானே?"

"இல்ல மச்சான். எங்களை அழிக்கிறதுக்குன்னே இருக்கிற சங்கம். நேத்துக்கூட அவனை ஒம்பது தடவை கொன்னேன். ரொம்பக் கோவமா இருக்கான்."

படகுக்காரர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கண்டக்டர், இங்கிட்டு எங்கயாச்சும் பெயிண்ட் கடை இருந்தா எறக்கி விடுங்க."