பக்கத்து சீட்டு பெல்ட்டு

பெட்டி மடியிலயே இருக்கட்டும் அண்ணே. கனமெல்லாம் இல்ல. கீழ வச்சா யாராவது ஸ்பானர் எடுக்கப் போயி கால் பட்டுரும். நீங்க வண்டியப் பாருங்க, நான் இந்த டயர் மேல உக்காந்துக்கறேன்.

ரேடியேட்டர் ஒழுகுதா? அது ரொம்ப நாளா ஒழுகுது. நான் முதல்ல சொன்னது பக்கத்து சீட்டு பெல்ட்டு. இழுத்தா வருது, மாட்டினா நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் அசைஞ்சா டக்குனு கழண்டுக்குது. அத முதல்ல பாத்துருங்க. பிரேக்கவிட அது முக்கியமான்னா என்ன சொல்றது? சரி, பிரேக்கும் பாருங்க.

தூரம்தான். ரெண்டு நாள் ஓட்டம். நடுவுல மலை வேற ஏறி எறங்கணும். திங்கக்கெழம காலையில நான் அங்க இருந்தாகணும். ஃப்ளைட்டுல போனா காலைச் சாப்பாடு இங்க, மத்தியானச் சாப்பாடு அங்க, தெரியும். என் வீட்டுக்காரியும் இதையேதான் சொல்லிச் சொல்லி அரைச்ச மாவையே அரைச்சுக்கிட்டு இருக்கா. பேச்சோட நிக்கல, டிக்கெட்டே பிடிச்சு வச்சுட்டா. வேணுமா வேண்டாமான்னு மத்தியானத்துக்குள்ள சொல்லணுமாம். அதான் விடிஞ்சதும் உங்ககிட்ட ஓடி வந்தேன். வண்டி போகும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், அவகிட்ட தைரியமாச் சொல்லிருவேன்.

கோர்ஸுக்கு அண்ணே. இந்த வயசுல என்ன கோர்ஸுன்னு நீங்களும் கேக்காதீங்க. நான் பல்லு செட்டு செய்யறவன். டாக்டரெல்லாம் இல்ல. டாக்டர் வாயில அளவெடுத்து அனுப்புவாரு, நாங்க லேப்புல அதுல பிளாஸ்டர் ஊத்தி அச்சு எடுத்து, அது மேல மெழுகு வச்சு பல்ல அடுக்குவோம். இந்த ஊர்ல பாதிப் பேரு என் கைவேலையக் காட்டித்தான் சிரிச்சுக்கிட்டுத் திரியறாங்க. உங்களுது சொந்தப் பல்லு. மேல் கடைவாய் ஒண்ணு மட்டும் போயிருச்சு, இல்ல? பேசறப்போ நாக்கு அங்க போயிப் போயிப் பாத்துட்டு வருது. தொழில் புத்தி, தப்பா நெனைக்காதீங்க.

இது வேற மாதிரி கோர்ஸு. தாடை எலும்ப வெட்டி எடுத்தவங்களுக்கு செட்டு செய்யறது. நம்ம வாய்ன்னா ஈறு ரெண்டு பக்கமும் மேடா இருக்கும், செட்டு போயி ஒழுங்கா உக்காந்துக்கும். அவங்களுக்கு ஒரு பக்கம் மேடே இருக்காது, வழவழன்னு சரிஞ்சு கெடக்கும். வாயத் தெறந்தா செட்டு எழும்பும், தண்ணி குடிச்சா மெதக்கும். அத நிக்க வைக்கிறது எப்படின்னு அங்க ஒரு அம்மா கையப் புடிச்சுச் சொல்லித் தராங்க. சும்மா உக்காந்து கேக்கிற பாடம் இல்ல. ஆளாளுக்கு ஒரு வாயோட அச்சு கொண்டு வரணும், கடைசி நாளைக்குள்ள அந்த வாய்க்கு செட்டு செஞ்சு முடிக்கணும்.

அதான் இந்தப் பெட்டியில இருக்கு. எங்க அக்கா வாய்.

அக்காவ நீங்களும் பாத்திருப்பீங்க. பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல யூனிஃபார்ம் தைக்கிற கடை, அதேதான். பாத்தீங்களா, தெரியாதவங்களே இல்ல. உங்க பிள்ளைக்கும் தைச்சுக் குடுத்துச்சா? அப்ப உங்களையும் ஏதாவது வம்புக்கு இழுத்திருக்குமே. அது வாய் அப்படி. எங்கம்மா சீக்காளி, என்னத் தூக்கி வளத்தது அதுதான். இடுப்புல வச்சுக்கிட்டே ஊர்ச் சண்டையெல்லாம் போடும்.

அந்த வாயிலதான் கேன்சரு வந்துச்சு. கன்னத்துக்கு உள்ள புண்ணுன்னு போனோம், கீழ்த்தாடையில ஒரு பக்கத்தையே எடுத்துட்டாங்க. கரண்ட்டு வைக்கிறதுக்கு முன்னாடி மிச்சப் பல்லையும் புடுங்கணும்னாங்க. பல்லு போனா சொல்லு போச்சுன்னு சொல்வாங்க இல்ல? எங்க அக்காவுக்குச் சொல்லு போகல. எனக்குப் பல்லு கட்டத் துப்பில்லாத நீயெல்லாம் பல்லு கட்டறவனாடான்னு கேட்டுச்சே. ஆனா பேசறப்பெல்லாம் எடது கை தானா வந்து வாய மூடிக்கும். ஒரு கைய வாயில வச்சுக்கிட்டு இன்னொரு கையால துணி வெட்ட முடியுமா? கடைய மூடிருச்சு. யாராவது வந்தா உள் ரூமுக்குப் போயிரும். பெத்த பொண்ணு முன்னாடி கூட சாப்பிடாது. என் முன்னாடி மட்டும் சாப்பிடும், நான் பாக்காத வாயான்னு.

செய்யாம இருப்பேனா அண்ணே? ராப்பகலா உக்காந்து செஞ்சேன். முதல் செட்டப் போட்டு கண்ணாடியக் குடுத்தேன். அக்கா அப்படியே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் கேக்குது, யாருடா இவ, உன் மாமியார் வீட்டு ஆளான்னு. எனக்குப் புரியல. அப்புறம் அதுவே சொல்லுச்சு, என் தெத்துப்பல்லு எங்கடான்னு. அக்காவுக்கு முன்னாடி ஒரு பல்லு, பக்கத்துப் பல்லு மேல ஏறி உக்காந்திருக்கும். சிரிச்சா அதுதான் முதல்ல வெளிய வரும். நான் நல்லது பண்றதா நெனைச்சு எல்லாத்தையும் முத்து கோத்த மாதிரி வரிசையா அடுக்கிட்டேன். எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதான். கோணலக் கண்டா கை சும்மா இருக்காது. நாப்பது அம்பது வருசமா பாத்துக்கிட்டு இருந்த மூஞ்சி, அதுல ஒரு பல்லு கூட நெனப்புக்கு வரல எனக்கு.

அடுத்த செட்டுல தெத்துப்பல்ல வச்சேன், வேற கோணத்துல வந்துச்சு. அதோட கீழ் செட்டு நிக்கவே இல்ல. ஒருநாள் போட்டுக்கிட்டு பேசிக்கிட்டே இருக்கு, செட்டு வழுக்கி மடியில விழுந்துருச்சு. அக்கா அத எடுத்துத் தொடச்சு என் கையில குடுத்துச்சு. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம்தான் இந்தக் கோர்ஸப் பத்திக் கேள்விப்பட்டேன். கடைசி நாள் ஆளையே கூட்டிட்டு வந்தா வாயில போட்டும் பாத்துக்கலாம்னாங்க. அக்காகிட்ட சொன்னேன். மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். வரேன், ஆனா கார்லதான் வருவேன்னுச்சு. ஃப்ளைட்டுல அறிமுகம் இல்லாதவங்க பக்கத்துல உக்காருவாங்க, சாப்பாடு குடுப்பாங்க, எப்படிடா வாயத் தெறக்கிறதுன்னு கேக்குது. கார்னா நீயும் நானும்தான், வழியில நிறுத்தி நிறுத்தி மசிச்ச வாழப்பழத்தத் தின்னுக்கிட்டு ஊரு ஊரா பாத்துக்கிட்டே போலாம்னுச்சு. நான் விடுவேனா? ஒடம்பு இருக்கிற இருப்புல ரெண்டு நாள் கார்ல உக்கார முடியுமா, ஃப்ளைட்டுதான்னு நான் நின்னேன். நீ ஓட்டற ஓட்டுக்கு நான் பெல்ட்டு போட்டுக்கறேன்டான்னு அக்கா. அந்த பெல்ட்டே நிக்காதேக்கான்னு நான். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கறதுக்குள்ள அந்தத் தடவ கோர்ஸுல எடமெல்லாம் முடிஞ்சு போச்சு. அடுத்த தடவ பாத்துக்கலாம்னு விட்டோம். இதான் அந்த அடுத்த தடவ.

இல்ல, அச்சு ஒடையும்னு பயமில்ல. மடியில வச்சுக்கிட்டே ஃப்ளைட்டுல போகலாம்தான், வீட்டுக்காரியும் அதத்தான் சொன்னா. நேத்து வரைக்கும் நானும் அப்படியே போயிரலாம்னுதான் இருந்தேன். அப்புறம் செக்கிங் ஞாபகம் வந்துச்சு. அவங்க மேல தப்பில்ல, அவங்க வேல அது. பெட்டியத் தெறக்கச் சொல்லுவாங்க. இது என்னன்னு வெளிய எடுப்பாங்க. ஒரு தட்டுல வைப்பாங்க. பின்னாடி வரிசையில நிக்கிற அத்தன பேரும் எட்டிப் பாப்பாங்க. அக்கா வாய் அண்ணே அது. பெத்த பொண்ணுக்கே காட்டாத வாய். அத தட்டுல வச்சு ஊருக்கெல்லாம் காட்டச் சொல்றீங்களா?

நீங்க பாக்கலாம். பரவால்ல, கைய வேணா தொடச்சுக்குங்க. இந்த வெள்ளையா இருக்கே, இது ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்த அச்சு. இந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு பாருங்க, அங்கதான் எலும்பு இல்ல. மஞ்சளாப் போன இந்த இன்னொண்ணும் அக்கா வாய்தான், பழசு. நான் தொழில் கத்துக்கிட்டப்போ முதமுதலா அளவெடுத்த வாய். வேற எவன் நம்பி வாயக் குடுப்பான்? அளவெடுக்கிற பசையில பாதிய அக்கா தொண்டையில எறக்கிட்டேன். இருமிக்கிட்டே சிரிக்குது. இதோ, தடவிப் பாருங்க, ஏறி உக்காந்திருக்கு பாருங்க, இதான் அந்தத் தெத்துப்பல்லு. இத வச்சு அடுக்கினா அச்சு அசலா வந்துரும். கீழ் செட்ட நிக்க வைக்கிறத மட்டும் அந்தம்மாகிட்ட கத்துக்கிட்டாப் போதும்.

இவ்வளவு நாள் எங்க இருந்துச்சா? எங்கயோ தொலைஞ்சிருச்சுன்னுதான் நானும் நெனச்சேன். அக்கா பீரோவுல இருந்துச்சு. ஊசி, நூலு, பட்டன் டப்பா, அதுக்குப் பின்னாடி என் சின்ன வயசுச் சட்டை ஒண்ணுல சுத்தி வச்சிருக்கு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருந்தா சொல்லியிருக்குமோ என்னமோ. போன வாரம் அது பொண்ணும் நானும் வீட்ட ஒழிச்சப்போதான் கெடச்சுது.

ஆமா அண்ணே. போன மாசம். தூக்கத்துலயே போயிருச்சு.

அடடே, நீங்க ஏன் வேலைய நிறுத்திட்டு நிக்கிறீங்க? நான்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்ல வரல. கோர்ஸு அம்மாவும் ஃபோன்ல கேட்டாங்க, கடைசி நாள் ஆளக் கூட்டிட்டு வருவீங்களான்னு. அச்சு மட்டும்தாங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். இனிமே செஞ்சு யாருக்குப் போடப் போறேன்னு வீட்டுக்காரி கேக்கறா. நியாயமான கேள்விதான்.

அன்னிக்கு நடுவீட்டுல படுக்க வச்சிருந்தாங்க. ஊரே வந்துருச்சு, அது தைச்ச சட்டையப் போட்ட பிள்ளைங்க எல்லாம் இப்ப பெரியாளா நிக்குதுங்க. எல்லாரும் மொகத்தத்தான் பாக்கறாங்க. வாய் உள்ள வாங்கிப் போயிக் கெடக்கு. எடது கை பக்கத்துல சும்மா கெடக்குது. அந்தக் கைய எடுத்து வாய் மேல வச்சிரணும் போல இருந்துச்சு. சுத்தி ஆளுங்க. நான் வைக்கல.

சரி விடுங்க. ரேடியேட்டர இன்னிக்கே அடைச்சுருவீங்களா? அப்ப வண்டி போகும், இல்ல? இதுக்குத்தான் உங்ககிட்ட வர்றது. இருங்க, அவளுக்கு ஒரு ஃபோன் போட்டு டிக்கெட் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்.

பெல்ட்டு முடிஞ்சுதா? எங்க, பெட்டிய சீட்டுல வச்சு மாட்டிப் பாப்போம். நிக்குது. இன்னும் ஒரு இழுப்பு இறுக்கி விடுங்க அண்ணே. நான் பிரேக் போட்டா அக்கா திட்டும்.