கேட்டு வாங்கிய பாஸ்போர்ட்

மேடையிலிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பணிமனை மேலாளர் அவர்களே, டிக்கெட் பையோடும் எண்ணெய்க் கறையோடும் வேலையிலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவரது மகளே!

முப்பத்தொரு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர், பன்னிரண்டு ஆண்டுகள் நம் சங்கச் செயலாளர், நாம் எல்லோரும் டிரைவரம்மா என்று அழைத்த பெருமகள் இன்று நம்மிடையே இல்லை. அவர் அஞ்சாதவர் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். அஞ்சாதவரா? இல்லை தோழர்களே! அவர் பயந்ததை நான் பார்த்திருக்கிறேன். "அம்மா இந்த நாட்டுக்கு வந்த கதையை என்கிட்ட முழுசா சொன்னதே இல்ல, நீங்க சொல்லுங்க பெரியம்மா" என்று நேற்று மகள் கேட்டாள். சொல்கிறேன்.

இருபத்தொரு வயதில், சித்தப்பா குடும்பத்தை நம்பிக் கடல் கடந்து வந்தவர் அவர். பகலில் என்னோடு பணிமனையில் பேருந்து கழுவுவார். மற்ற நேரமெல்லாம் சித்தப்பாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். வந்திறங்கிய அன்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார் சித்தப்பா. ஓராண்டு கழித்து இவர் ஓட்டுநர் பயிற்சிக்குத் தேர்வானார். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பெயரைப் பதிய வேண்டும். தவறினால் அந்த இடம் அடுத்தவருக்கு. வாரம் முழுக்கக் கேட்டார். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே பதில் வந்தது.

வெள்ளி மதியம் இரண்டரை மணிக்கு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் சித்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

"பஸ் ஓட்டப் போறியா? உங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் சித்தப்பா.

"நீங்க சொல்ல வேணாம் சித்தப்பா. நானே சொல்லிக்கிறேன். பாஸ்போர்ட்டைக் குடுங்க."

"எடுத்துட்டுப் போனா, இந்த வீட்டுக்குத் திரும்பி வராத."

அந்த ஊரில் அவருக்கு உறவென்று இருந்த ஒரே வீடு அது! என்ன செய்வார்? கத்தவில்லை, அழவில்லை. எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மணி மூன்றைத் தாண்டியது. வா, போய்விடலாம் என்று ஜாடை காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

குழாய்ச் சத்தம் நின்றது. சித்தி கையைத் துடைத்தபடி வந்து, கணவர் முகத்தைப் பார்க்காமல், அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்தார்.

அலமாரிக்குள் சித்தியின் பாஸ்போர்ட்டும் இருந்தது. அதையும் கையிலெடுத்து இவர் சித்தியைப் பார்த்தார். சித்தி வேண்டாமென்று மெல்லத் தலையசைத்தார். அதைத் திரும்ப வைத்துவிட்டு, தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஓடினோம். கதவை மூடப்போன எழுத்தரிடம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறதென்று வாதாடிப் பெயரைப் பதிந்தார்.

அன்று மாலை என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "தப்பு பண்ணிட்டேனாக்கா?" என்றார். அவர் பயந்ததை நான் பார்த்தது அப்போதுதான். என் அறையிலேயே தங்கிக்கொள் என்றேன். அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். பதில் வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் அவர் ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. வந்த கடிதத்தில் இரண்டே வரி: 'வண்டி ஓட்டும்போது யாரோடும் பேச்சுக் கொடுக்காதே. உனக்கு வாய் அதிகம்.' படித்துவிட்டுச் சிரித்தார், சிரித்தார், கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தார்.

ஆனால் சித்தியின் அந்தத் தலையசைப்பு அவரைச் சும்மா இருக்கவிட்டதா? பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த பெண்களுக்காக எத்தனை வீடுகளின் படியேறினார்! எத்தனை கதவுகள் அவர் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டன!

சென்ற திங்கட்கிழமை, வீட்டு வேலை செய்யும் பெண் ஒருத்தி, வேலை பார்க்கும் வீட்டில் தன் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று சங்கத்துக்குப் போன் செய்தாள். புதன்கிழமை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார் டிரைவரம்மா. செவ்வாய்க்கிழமை காலை அவர் மூச்சு நின்றது. செய்தி தெரியாத அந்தப் பெண் நேற்று மறுபடி அழைத்தாள். "அம்மா ஏன் வரல?" என்று கேட்டாள்.

தோழர்களே! நாளை காலை பத்து மணிக்கு அந்த வீட்டு அழைப்பு மணியை நான் அடிக்கப் போகிறேன். மகளும் வருகிறாள். கதவைத் திறப்பார்களா, தெரியாது. திறக்கும்வரை நிற்போம். ஒன்பதரைக்குப் பணிமனை வாசலிலிருந்து கிளம்புகிறோம். உங்களில் யார் வருகிறீர்கள்?