பான்கேக் புரட்டாத ரோபோவும் தலைமையாசிரியர் ப்ரூக்மன் அவர்களும்

புனித ஒடீலியா மகளிர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் முனைவர் லீலண்ட் ப்ரூக்மன் அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில் உடன் பணிபுரிந்தோர் உவந்து அளிக்கும் பாராட்டு மடல்

ஒலிவாங்கி கண்ட இடமெல்லாம் உளம் நெகிழ்ந்து நின்ற உரைவேந்தே! விஸ்கான்சின் பனியிலும் வியர்க்க வியர்க்க வாழ்த்துரை வழங்கிய வள்ளலே! கேட்டவர் எவர்க்கும் கேளாதவர் பலர்க்கும் இசைவு தெரிவித்த இன்முகத்தோனே! இசைந்ததை நிறைவேற்றும் பேற்றினை இளையோர்க்கே விட்டுக்கொடுத்த ஈகையின் இமயமே! வணக்கம்.

இம்மடலின் வரைவு சென்ற வாரம் தங்கள் மேசைக்கு வந்தது. அடைமொழிகள் போதவில்லை என்று கருதி இரண்டைத் தாங்களே சேர்த்துக் கொடுத்தீர்கள். எவை அவை என்று நாங்கள் சொல்வதாக இல்லை. சென்ற ஜூன் மாதத்துப் பான்கேக் சங்கதியை நீக்கிவிடலாமா என்று கேட்டோம். "அது இருக்கட்டும். மத்ததச் சுருக்கிட்டு அதை நீளமா எழுதுங்க" என்றீர்கள். கடைசி உத்தரவு, மீற மனம் வரவில்லை.

மற்றது சுருக்கமாக: இருபத்திரண்டு ஆண்டுகள் தாங்கள் இப்பள்ளியை நடத்தினீர்கள். கூரை ஒழுகிய ஆண்டில் கூரையை மாற்றினீர்கள். கன்னியர் மடம் மூடப்பட்ட ஆண்டில் பள்ளியும் சேர்ந்து மூடப்படாமல் பார்த்துக்கொண்டீர்கள். வெள்ளிக்கிழமை மீன் விருந்து வரிசையில் நின்ற ஒவ்வொரு பெற்றோரிடமும் மகளின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தீர்கள். பெயர் பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இனி நீளமானது.

சொற்சோலையில் உலவிய சான்றோனே! நம் மாணவியரின் ரோபோ அணிக்குப் பந்தயக் காலம் ஏப்ரலோடு முடிந்துவிடும். அதன்பின் மற்றப் பள்ளிகளின் ரோபோக்கள் போர்வை போர்த்திக்கொண்டு மூலையில் கிடக்கும். நம் பெண்கள் அந்த ரோபோவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போவார்கள். பொடிசுகளிடம் விசைப்பெட்டியைக் கொடுத்து ஓட்டவிடுவார்கள். ஒரு சிறுமி ஓட்டிப் பார்த்தால், நாலு வருடம் கழித்து அவளே நம் அணிக்கு வந்து நிற்பாள். நல்ல ஏற்பாடு. இதில் தங்கள் பங்கு, அழைப்புகளை ஏற்பது. ஊர்ப் பெரியவர்களோடு தாங்கள் மதிய உணவு உண்ணும் செவ்வாய்க்கிழமைகளில், "சார் இன்னைக்கு யாரோட சாப்பிட்டாரு?" என்று பெர்னி கேட்பாள். ரோபோவின் மின்கலங்களைக் கவனிப்பவள் அவள். பதில் வந்ததும், "அப்ப சனிக்கிழமை போச்சு" என்பாள். முதியோர் இல்லம் போனார்கள். நாய்க் காப்பகம் போனார்கள். சவ அடக்க நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கும் போனார்கள். அங்கு மட்டும் ரோபோவை மெதுவாக எறியச் சொன்னார்கள்.

ஆம், எறிவதுதான் அதன் தொழில். அகதா என்று பெண்கள் பெயரிட்ட அந்த ரோபோ, தரையில் கிடக்கும் ரப்பர் வளையங்களைப் பொறுக்கும். உயரத்தில் இருக்கும் துளையை நோக்கி எறியும். வேறொன்றும் செய்யாது. செய்யும் என்று அணித் தலைவி மைசீ வாங் ஒருநாளும் சொன்னதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுவதைத் தவிர வேறு வழி தெரியாத பெண் அவள். பேச்சுப் போட்டிகளில் அவளைத் தாங்கள் சேர்க்காததற்குக் காரணமும் அதுவே.

சென்ற மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் தாங்கள் ட்வெய்ன் ஃபைஃபரோடு சாப்பிட்டீர்கள். அவர் நம் நிர்வாகக் குழுவின் தலைவர், பால் பண்ணைக்காரர். ஜூன் மாதப் பண்ணைக் காலை விருந்து அந்த ஆண்டு அவர் வீட்டு முறை. ஊரே வந்து பான்கேக் தின்னும் நாள்.

"லீலண்ட், அந்த மெஷினால எதாவது பிரயோஜனம் உண்டா?" என்று அவர் கேட்டாராம்.

"பிரயோஜனமா? உங்க விருந்துல பான்கேக்கே புரட்டிப் போடும்" என்றீர்கள்.

"பாத்துடலாம்" என்று சொல்லி அவர் சாப்பாட்டை முடித்தார்.

சாதாரண நாளாக இருந்தால் இதை யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டோம். ஆனால் அதே விருந்து நாளின் மதியம் நிர்வாகக் குழு பண்ணையிலேயே கூடுவதாக இருந்தது. பேச வேண்டியது ஒன்றே ஒன்று: மடத்தின் பழைய சலவைக்கூடம். கன்னியர் போனபின் அந்த இடத்தில்தான் அணி வேலை செய்கிறது. அதை இடித்துக் கட்டி, பணி நிறைவு பெறப்போகும் தங்கள் திருப்பெயரால் 'ப்ரூக்மன் மரபு மன்றம்' எழுப்பலாம் என்று வரைபடம் தயாராகியிருந்தது. ரோபோவால் ஊருக்குப் பயன் உண்டு என்று தெரிந்தால் கூடம் பெண்களுக்கு. இல்லையென்றால் மன்றம் தங்களுக்கு. வேறு அறை கிடையாது. கூடம் போனால் அணியும் போய்விடும். அகதா தோற்றால் தங்களுக்கு ஆதாயம், வென்றால் தங்களுக்குப் பெருமை என்று எல்லாப் பக்கமும் காற்று தங்களுக்கே சாதகமாக அடித்த அபூர்வ மாதம் அது.

பெண்கள் முயன்றார்கள். அகதாவின் முன்கையில் கரண்டியைக் கட்டினார்கள். அது பான்கேக் வார்க்கும் கல்லைக் கவிழ்த்தது. வளையத்துக்குப் பதில் பான்கேக்கைக் கொடுத்தார்கள். அது உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இயற்பியல் ஆசிரியை கொரின் ஸ்டகோவியாக் ஏணி வைத்து ஏறிச் சுரண்டினார். மைசீ கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தக் கூடத்தைத் தவிர வேறு எந்த அறையிலும் தான் கெட்டிக்காரி என்று தோன்றியதில்லை. இதை அவள் பின்னாளில்தான் கொரினிடம் சொன்னாள். கொரின் ஏணியிலிருந்து இறங்கியதும் மைசீ நேரே தங்கள் அறைக்கு வந்தாள்.

"சார், அகதா பான்கேக் புரட்டாது."

"இப்போதைக்கா, எப்பவுமேவா?"

"அது எறியும் சார். புரட்டாது."

"எறியறதும் புரட்டறதும் பக்கத்து பக்கத்து வேலைதானேம்மா."

"கூடத்து உத்தரத்த வந்து பாருங்க சார். நீங்களே ஃபைஃபர்கிட்ட சொல்லிடுங்க, இது முடியாதுன்னு."

தாங்கள் சன்னலைப் பார்த்தீர்கள். பிறகு ஒரு யோசனை சொன்னீர்கள். "ஒரு திரையக் கட்டுவோம். அகதா இந்தப் பக்கம் கையை ஆட்டட்டும். அந்தப் பக்கம் பெர்னி கரண்டியோட நிக்கட்டும். கூட்டத்துக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"கூடம் வேணுமா வேணாமா, மைசீ?"

'வேண்டும்' என்பதும் உண்மை, 'பொய் வேண்டாம்' என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

விருந்தன்று காலை ஃபைஃபர் பண்ணையில் திரை கட்டியாயிற்று. மாட்டுக் கொட்டகைக்கும் பால் தொட்டிக்கும் நடுவே அகதா நின்றது. திரைக்குப் பின்னால் கல்லும் கரண்டியும் பெர்னியும். மைசீயின் கையில் விசைப்பெட்டி. தங்கள் கையில் ஒலிவாங்கி. சட்டைப்பையில் 'மாவும் மனித மேன்மையும்' என்ற தலைப்பில் எழுதிய உரை. தட்டுகளோடு கூட்டம் கூடியது. மைசீ விசையைத் தட்டினாள். அகதா கையை ஆட்டியது. திரைக்கு மேல் ஒரு பான்கேக் எழும்பித் திரும்பி விழுந்தது. கைதட்டல்.

முன்வரிசையில் ஒரு சின்னப்பெண், மேப்பிள் பாகு காதுவரை. "அக்கா, நெசமாவே இதுவா பண்ணுச்சு?"

மைசீ அவளைப் பார்த்தாள். நாலு வருடம் கழித்து இந்தக் குட்டியே அணிக்கு வந்து, முதல் நாளே கேட்பாள், அன்று அது எப்படிப் புரட்டியது என்று. விசைப்பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"இல்ல பாப்பா. இதுக்குத் தெரியாது. பின்னால பெர்னி நிக்கறா."

"நான் நிக்கல!" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

சிலர் சிரித்தார்கள். ஃபைஃபர் சிரிக்கவில்லை. "என்னப்பா லீலண்ட், புரட்டும்னியே?"

அன்புசால் பெருந்தகையே! தங்கள் உரைகள் பலவற்றைக் கேட்டிருக்கிறோம். சிலவற்றின் இறுதிவரையிலும் விழித்திருந்திருக்கிறோம். ஆயின் அன்று ஒலிவாங்கியைக் கீழே இறக்கிவிட்டுத் தாங்கள் வெறுங்குரலில் ஆற்றிய உரைக்கு ஈடு இல்லை. அதை முழுமையாகவே இங்கே தர முடிகிறது:

"நான்தான்பா சொன்னேன். பொண்ணுங்க ஒருநாளும் சொல்லல. திரையும் என் யோசனைதான். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

ஃபைஃபர் தாடையைச் சொறிந்தார். மைசீயிடம் திரும்பினார். "அப்ப இது என்னதாம்மா பண்ணும்?"

"எறியும். பான்கேக்கையும் எறியும். புடிக்கத்தான் ஆள் வேணும்."

"நான் புடிக்கறேன். எறியச் சொல்லு."

முதலாவது அவர் தொப்பியில் விழுந்தது. மைசீ குனிந்து அகதாவின் கோணத்தைத் தாழ்த்தினாள். இரண்டாவது ஒரு கன்றுக்குட்டிக்குப் போயிற்று. மூன்றாவதை அவர் தட்டில் பிடித்தார். அடுத்த நிமிடம் அந்தச் சின்னப்பெண் விசைப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பின்னால் தட்டுகளோடு ஒரு நீண்ட வரிசை. உணவுச் சுகாதார அதிகாரி அந்நேரம் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது நம் அதிர்ஷ்டம்.

அத்தோடு கூடம் கிடைத்துவிட்டது என்று எழுதினால் மடலுக்கு அழகாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. பான்கேக்கைப் பார்த்துக் கட்டடத்தைத் தீர்மானிப்பவர் அல்லர் ஃபைஃபர். மதியம் பால் தொட்டியின் பின்னால் குழு கூடியது. கொரினும் கூட்டத்தில் இருந்தார். மைசீயும் பெர்னியும் கன்றுகளுக்குப் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பக்கமும் சமமா ஓட்டு விழுந்திருக்கு" என்றார் ஃபைஃபர். "லீலண்ட், பேரு உன்னோடது. மன்றமா, சலவைக்கூடமா? நீயே சொல்லிடு."

தாங்கள் வரைபடத்தை வாங்கிப் பார்த்தீர்கள்.

"இந்த எழுத்தெல்லாம் பித்தளையா?"

"பித்தளைதான்."

"நல்லாத்தான் இருக்கு."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். அவசரப்படவில்லை. அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. உடனே கொடுத்துவிட்டிருந்தால் தங்களுக்கு அதில் ஆசையே இல்லை என்றாகிவிடும், அது பொய். பிறகு வரைபடத்தை மடித்தீர்கள்.

"பொண்ணுங்களே வெச்சுக்கட்டும். அவங்களுக்கு வேற எடம் இல்ல. எனக்கு வீடு இருக்கு."

கன்றுகளின் பக்கத்தில் மைசீ மூச்சு விட்டாள். "சார் ஒத்துக்கிட்டாரு."

"எதுக்கு? இன்னொரு நிகழ்ச்சிக்கா?" என்றாள் பெர்னி.

இந்தக் குளிர்காலத்தில் புதிய ரோபோவை அவர்கள் அந்தக் கூடத்திலேயே கட்டினார்கள். மைசீ இவ்வாண்டு பள்ளியை முடிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆறு புதிய பெண்கள் வந்திருக்கிறார்கள்.

தங்கள் பெயரை வேறெங்காவது பொறிக்கலாமே என்று நாங்களும் தேடினோம். அரங்குக்கு ஒரு நன்கொடையாளர் பெயர். நூலகத்துக்கு ஓர் ஆயர் பெயர். பெயரில்லாமல் இருப்பது கொதிகலன் அறை ஒன்றுதான். தங்கள் உரைகளை நினைத்து யாரேனும் தவறாகப் பொருள் கொள்ளக்கூடும் என்று விட்டுவிட்டோம். அப்போதுதான் அணி தன் முடிவோடு வந்தது. சொல்ல மைசீயே தங்கள் அறைக்கு வந்தாள்.

"சார், ஜூன்லேருந்து நீங்க சும்மாதானே இருப்பீங்க?"

"ஆமாம்மா. எங்க பேசணும், சொல்லு."

"பேச வேணாம் சார். தூக்கணும். எங்க கூட வர்ற பெரியவங்க எல்லாரும் ரோபோவத் தூக்கணும்னு தீர்மானம் போட்டுருக்கோம்."

தாங்கள் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் மாட்டினீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் இதுவே முதல் முறை. பிறகு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள்.

"பின்பக்கம் சார். அதான் கனம்."

எனவே, எங்கள் இதயம் கவர்ந்த இனியவரே, ஓய்வு என்ற சொல்லை இம்மடலில் நாங்கள் கவனமாகத் தவிர்க்கிறோம். தங்கள் துணைவியார் நலமும் மகிழ்வும் பெற்று வாழ்க. தங்கள் குரல் தங்களுக்கு வேண்டிய அளவும் எங்களுக்குத் தாங்கும் அளவும் ஒலிக்க. தாங்கள் நூறாண்டு கடந்தும் நலமோடு வாழ வேண்டும் என்று மனமார வேண்டுகிறோம். தோள்களும் முழங்கால்களும் இடுப்பும் தனித்தனியே நலமாக இருக்க வேண்டும் என்றும் வேண்டுகிறோம். சனிக்கிழமை நிகழ்ச்சி ஊர் நூலகத்தின் மாடியில். அங்கே மின்தூக்கி பழுது.

என்றும் தங்கள் அன்பில்,
புனித ஒடீலியா மகளிர் உயர்நிலைப் பள்ளி
ஆசிரியர்களும் அலுவலர்களும்